இழுபட்ட இழை

என் மனைவி செண்பகவல்லியின் குதிகால் வெடிப்பில் நாற்று நட்டிருக்கலாம். உள்ளே போன எறும்பு பேரன்பேத்தி எடுத்துத்தான் வெளியே வரும். அவள் காலை அசைத்தாலே மெத்தை விரிப்பில் நூல் பிரியும். அவள் இறந்து எட்டு மாதமாயிற்று. நேற்று விரித்த புது விரிப்பில், அவள் படுக்கும் பக்கத்துக் கால்மாட்டில், இன்று காலை ஏழு இழைகள் இழுபட்டிருந்தன.

"ஒங்க குதிகால்தாம்ப்பா கிழிக்குது. இதத் தடவுங்க" என்று மகள் வினோதா களிம்பை நீட்டினாள்.

காலைத் தூக்கிக் காட்டினேன். என் குதிகாலின் வழவழப்பில் வெண்ணெய் தோற்றுவிடும். மகளின் குரல் இறங்கிவிட்டது.

"அப்போ அம்மாதான். பாவம், வலிக்கும்லப்பா?"

களிம்பைத் திறந்து அம்மாவின் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனாள். உடனே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வெடிப்பு ஆறிவிட்டால், செண்பகம் வந்துபோவது எனக்கு எப்படித் தெரியும்?