அறுபத்து மூன்றாம் அட்டை

சக்கரப்பை கிறீச்சிடும் சத்தம் கேட்டதும் ரோஸ்விதா சட்டென்று தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள்.

வந்தது இலோனா என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் இறங்கியது. பிறகு சமாளித்துச் சிரித்தாள்.

"இன்னிக்கு உங்களுக்கு நல்ல சேதி, இலோனா. ஒரு எடம் காலி."

ஒன்பது மாதம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் இந்தத் தேவாலயக் கூடத்தின் வாசலில் வந்து நின்று, "இன்னும் இல்லம்மா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிய ஒன்பது மாதம்.

கடைகளில் மிஞ்சிய ரொட்டியும் காய்கறியும் இங்கே வாரம் தவறாமல் கொடுப்பார்கள். ஆனால் எண்பது குடும்பங்களுக்குத்தான். எண்பத்தோராவது வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லை என்றாலும் அது எண்பத்தோராவது வீடுதான். உள்ளே இருப்பவர்களில் யாருக்காவது வேலை கிடைக்க வேண்டும், அல்லது யாராவது ஊரை விட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் ஒரேயடியாகப் போய்ச் சேர வேண்டும். அதுவரை வெளியே நிற்க வேண்டியதுதான்.

இலோனாவின் இரட்டைப் பெண்களுக்கு ஆறு வயது. மாதக் கடைசி வாரத்தில் அவர்களுக்கு வெறும் நூடுல்ஸ், மேலே ஒரு தேய்ப்பு மார்கரின். போன வாரம் ஒருத்தி வகுப்பில் பக்கத்துப் பையனின் ரொட்டியை எடுத்துத் தின்றுவிட்டாள். ஆசிரியை கூப்பிட்டு விசாரித்தபோது இலோனாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"யாரு போனது?" என்று கேட்டாள்.

"யாரும் போகல. வரல." ரோஸ்விதா பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை உருவினாள். "மூணு வியாழக்கிழமை சேந்தாப்ல வரல. காய்ச்சலோ கால்வலியோ, ஒரு துண்டுச்சீட்டு வந்தாப் போதும், எடத்த வச்சிருப்போம். அது அவருக்கும் தெரியும். எப்பவும் மொத ஆளா வந்து நிக்கிற மனுஷன், பாருங்க."

அட்டையில் இருந்த பெயரின் மேல் வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி, இலோனாவின் பெயரை எழுதினாள். எண்ணை மாற்றவில்லை. அறுபத்து மூன்று.

"உங்க தெருதான்னு நெனைக்கிறேன். ஏதாவது கேள்விப்பட்டீங்களா?"

இலோனா குனிந்து, பையின் இடது சக்கரத்தில் சிக்கிய நூலைப் பிடுங்கினாள். அங்கே நூல் எதுவும் சிக்கியிருக்கவில்லை.

"இல்லயே," என்றாள். "சில பேரு அப்படித்தான். கெடைக்கிறதோட அருமை தெரியாது."

ரோஸ்விதா பெருமூச்சு விட்டுவிட்டுப் பையை நிரப்பினாள். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், தேதி முடியப்போகிற தயிர்க் கிண்ணங்கள், ஒரு கறுப்பு ரொட்டி. கடைசியில் பெண்களுக்கென்று இரண்டு சாக்லேட் தாத்தாக்கள். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு மாதமாகியும் விலை போகாதவர்கள்.

வழியெல்லாம் இலோனாவுக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் வீடு இரண்டாம் மாடி. சாமான்களை அங்கே இறக்கி வைத்தாள். ரொட்டியைச் சரிபாதியாக வெட்டி, நான்கு உருளைக்கிழங்குடன் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறினாள். நடைக்கூடத்தில் சக்கரம் கிறீச்சிட்டதுமே, அவள் தட்டுவதற்கு முன்பே, கதவு திறந்தது.

விஷ்னெவ்ஸ்கி ஐயா ஊன்றுகோலில் நின்றுகொண்டிருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் உழைத்த உடம்பு. கணுக்கால் முறிந்து ஒரு மாதமாகிறது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் கீழே இறங்க வழியில்லை.

"என் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா. வழியில ரொம்பக் கத்திச்சா, புள்ள?"

"இல்லய்யா." பாதி ரொட்டியையும் கிழங்குகளையும் மேசைமேல் வைத்தாள். "கூடத்துல உங்களுக்குக் குடுத்தனுப்புனாங்க."

கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு போன் போட்டாப் போதும்னா. அவளுக்கு என்ன தெரியும். காகிதத்துல எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வச்சுக் குடுத்தாத்தான் எதுக்கும் மதிப்பு. சுரங்கத்துல முப்பது வருஷம், லீவு போட்டதுக்குன்னு எனக்கு ஒரு நாள் சம்பளம் வெட்டுப்பட்டதில்ல. ரோஸ்விதா என்ன சொன்னா?"

"சீக்கிரம் குணமாகட்டும்னாங்க. உங்க எடம் பத்திரமா இருக்காம்."

அவர் அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். மேலே அச்சடித்தாற்போன்ற கையெழுத்தில் 'எண் 63' என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார்.

"அடுத்த வாரத்துக்கு. நீ எப்படியும் உன் எடத்தக் கேக்க அங்க போவல்ல?"

"போவேன்யா."

அவர் மேசையைப் பார்த்தார். பிறகு இரண்டு உருளைக்கிழங்குகளை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"புள்ளைங்களுக்கு வச்சுக்க. உனக்குத்தான் இன்னும் எடம் கெடைக்கலயே."

இலோனா எடுத்துக்கொண்டாள்.

கதவு சாத்தியதும், படிக்கட்டில் நின்று அந்த உறையைக் கோட்டின் உள்பைக்குள் திணித்தாள். அது லேசில் நுழையவில்லை. உள்ளே ஏற்கெனவே மூன்று இருந்தன.