பின்வாசல் வைத்த கூடு

தூக்கணாங்குருவி புதுவகைக் கூடு ஒன்றை அறிவித்ததிலிருந்து ஆண் சிட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காற்றோட்டத்துக்காகப் பின்பக்கமும் ஒரு வாசல் உண்டாம். பழைய கூட்டைக் கொடுப்பவர்களுக்குத்தான் முதலில் கிடைக்குமாம்.

"இதைக் கட்டி ஒரு மாசம்கூட ஆகலையே. இதுக்கு என்ன குறை?" என்று முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த பெண் சிட்டு கேட்டது.

"குறை ஒண்ணும் இல்லை. ஆனா இது பழசாயிடுச்சு."

"குஞ்சு பொரிச்சு வரட்டும். அப்புறம் வாங்கிக்கலாங்க."

"அதுக்குள்ள எல்லார்கிட்டயும் இருக்கும். அப்புறம் நம்ம கூட்டை யார் திரும்பிப் பார்ப்பாங்க?" என்றது ஆண் சிட்டு.

மறுநாள் பழைய கூடு போய்ப் புதுக் கூடு வந்தது. பெண் சிட்டு முட்டைகளை ஒவ்வொன்றாகப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து வைத்தது. மதியம் பலமாகக் காற்று அடித்தது. கூடு ஆடிய ஆட்டத்தில் முட்டைகள் அத்தனையும் பின்வாசல் வழியாக உருண்டு, பாறையில் விழுந்து உடைந்தன.

பெண் சிட்டு வெறும் கூட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மாலையில் மரத்துப் பறவைகளெல்லாம் புதுக் கூட்டைப் பார்க்க வந்தன. ஆண் சிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவற்றை வரவேற்றது. பிறகு மனைவியின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னது:

"கொஞ்சம் தள்ளி உட்காரு. அவங்க உள்ளே பார்க்கணும்."