தரையைத் தொட்ட கோடு

“கட்டிலோட தூக்கிடலாம்மா, ஐயாவுக்கு வலிக்கவே—”

“தொட்டுப் பாரேன்! அவர் பொறந்த வீடு இது. இங்கதான் அவரு உயிர் போகும்.”

மன்னார்குடி சுகாதார அலுவலர் இளம்பரிதி, கைக்கணினியை அஞ்சலையிடம் நீட்டினான். உலக நாடுகளின் ரத்தப் புற்றுநோய்ச் சாவுகளைக் காட்டும் வரைபடம். அதில் நம் நாட்டின் கோடு வருடாவருடம் சரிந்து, தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

“ஆறு வருசமா ஒரு சாவுகூட இல்ல. உலகத்துலயே நாமதான் முதல்ல நிக்கறோம். ஐயா இங்க போயிட்டா அந்தக் கோடு எழுந்துக்கும்மா. பக்கத்து நாட்டுல நல்லாப் பாத்துப்பாங்க. விமானச் செலவுகூட அரசாங்கத்தோடதுதான்.”

“உங்க கோட்டுக்கு நான் பாடை கட்டறேன்! ஏன் தம்பி, அங்க செத்தா அவங்க கோடு எழுந்துக்காதா?”

இளம்பரிதி குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அவங்களும் கடைசி நேரத்துல அடுத்த நாட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா.”

அஞ்சலை கணவரின் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவை ஏற்கெனவே சில்லிட்டிருந்தன. எந்த மருந்துக்கும் மசியாத நோயோடு பேச்சற்றுக் கிடந்த தருமலிங்கம் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

“அப்ப நான் எந்த ஊர்லதான் சாகறது, தம்பி?”