தட்டக் கூடாத தங்கம்

காந்தம் ஐயா பிறக்கும்போதே சட்டைப் பையில் காந்தத்தோடுதான் பிறந்தார் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. தங்கக் காசு வாங்கி விற்கும் கடையை மூடி எத்தனையோ வருடம் ஆகியும் பழக்கம் போகவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மோதிரத்திலேயே பேச்சுவாக்கில் காந்தத்தை ஒட்டிப் பார்த்த ஆசாமி.

அப்படிப்பட்டவரிடம் பத்துத் தங்கக் காசுகளை விற்க ஒரு பெண் வந்து மாட்டினாள். காசுகளைச் சமையலறை மேஜையில் பரப்பிவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள், நெற்றியைத் துடைத்தாள், மறுபடியும் கழுத்தைத் துடைத்தாள். கைக்குட்டையைப் பிழிந்திருந்தால் ஒரு வாளி தேறியிருக்கும்.

"எங்க அப்பா சேத்து வச்சது ஐயா. அவசரமா வெளியூர் போறோம். கடையில கேட்டா அடிமாட்டு விலை சொல்றாங்க."

"அப்பா சேத்தது, அவசரம், வெளியூர்..." ஐயா விரலை மடக்கினார். "இந்த மூணும் ஒண்ணா வந்தா எனக்கு மூக்குல வேர்த்துடும்மா."

மூலையில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் சொட்டு விழுந்து 'டிங்' என்றது.

"கூரை மாத்தறதுக்குன்னு வாயைக் கட்டி வயித்தைக் கட்டி வச்ச பணம்," என்றாள் மனைவி. "அதுல தங்கம் வாங்கறாராம். போச்சுன்னா, மழைக்காலம் பூரா குடையைப் பிடிச்சுக்கிட்டுதான் சமைக்கணும். சொல்லிட்டேன்."

"தங்கம் ஏறினா ரெண்டு கூரை போடலாம். என்னை ஏமாத்தற காசு இன்னும் பிறக்கல. நீ சும்மா இரு!"

காந்தத்தைக் காட்டினார். ஒரு காசும் அசையவில்லை. தராசில் வைத்தார். குண்டுமணி அளவும் பிசகவில்லை. குறுக்களவு பார்த்தார், தடிமன் பார்த்தார், பூதக்கண்ணாடியில் கண்ணைப் புதைத்து விளிம்பின் வரிகளை வருடினார். ஐஸ் கட்டியைக் கொண்டுவரச் சொல்லி ஒரு காசின் மேல் வைத்தார். வெயிலில் நிறுத்திய மாதிரி அது உருகி ஓடியது.

"நல்ல தங்கம்னா இப்படித்தான், சூட்டைச் சட்டுனு கடத்தும்," என்றார் மனைவியைப் பார்த்து.

"தட்டிப் பாக்கறீங்களா ஐயா?" என்றாள் அந்தப் பெண், தயங்கித் தயங்கி. "சத்தத்துலயே தெரிஞ்சிடுமாமே?"

ஐயா பதறிப்போய், கோழி குஞ்சுகளை அணைப்பதுபோலக் காசுகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "தங்கத்தைத் தட்டவே கூடாதும்மா! கீறல் விழுந்தா விலை போச்சு!"

அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "எங்க அப்பாவும் இதையேதான் சொல்லுவாரு. வித்தவரு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினாராம்."

"விவரம் தெரிஞ்ச மனுஷன்!" என்று மனதாரப் பாராட்டினார் ஐயா.

கூரைப் பணம் கைமாறியது. "அப்பா ஆசையா வாங்கினது. நல்ல கைக்குத்தான் போகுது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் போனாள்.

"என் கூரையை முழுங்கின காசு எப்படித்தான் இருக்குன்னு பாக்கறேன்," என்று ஒன்றை எடுத்த மனைவி, கைநழுவ விட்டாள்.

'டொக்.'

மூலையில், அதே நேரம், 'டிங்.'

"ஏங்க, ஒழுகற தண்ணி பாடுது, தங்கம் இருமுது?"

ஐயா இன்னொன்றைப் போட்டார். டொக். பத்தையும் போட்டார். பத்தும் செங்கல் விழுந்த மாதிரி விழுந்தன. அரத்தை எடுத்து ஒன்றின் விளிம்பைத் தேய்த்தார். மேலே மெல்லிய தங்கத் தோல். உள்ளே சாம்பல் நிறத்தில் வேறு ஏதோ.

"மோசம் போயிட்டோமே!" என்று அலறினாள் மனைவி. "அந்தப் பொண்ணும் பாவம், அவங்க அப்பாவையும் எவனோ ஏமாத்தியிருக்கான். இதைச் செஞ்ச கட்டையில போறவன் யாருன்னு கண்டுபிடிச்சே ஆகணும். போலீசுக்குப் போன் போடுங்க!"

ஐயா பாய்ந்து போனை எடுத்தார். எடுத்து, நாற்காலியில் வைத்து, அதன் மேலேயே அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார்.

தட்டினால் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும் அந்தக் காசுகளைக் கடையின் பின்னறையில் தன் கையாலேயே செய்து, 'தட்டவே கூடாது, கீறல் விழும்' என்று வாங்க வந்தவர்களிடமெல்லாம் வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை அவரே நம்பிவிட்டிருந்தார்.