அடைபட்ட ஓட்டை

கட்டற்ற இயங்குதளம் ஒன்றின் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிடுவது தாட்சாயணியின் பொறுப்பு. எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி அனுப்பும் திருத்தங்களை அவள் சரிபார்த்த பிறகுதான் அவை மற்றவர்களின் கணினிக்குப் போகும். இந்த முறை வந்த திருத்தம் ஒரு பழைய ஓட்டையை அடைத்தது. ஒரே வீட்டு இணையத்தில் இருக்கும் இன்னொருவரின் கணினிக்குள் சுவடு தெரியாமல் எட்டிப்பார்க்க வழிவிட்டிருந்த ஓட்டை அது. அனுப்பியவர் தன் பெயரை 'நீர்க்காகம்' என்று மட்டும் போட்டிருந்தார். அந்த வழியாகப் பலமுறை போய்வந்தவர்போல மூலைமுடுக்கெல்லாம் தெரிந்து அடைத்திருந்தார். அதுதான் அவளை உறுத்தியது.

சாப்பிடும்போது கணவன் இளம்பரிதியிடம், "புதுசா ஒருத்தர் ரொம்ப நல்லா பண்ணியிருக்கார்" என்றாள். அவனும் நிரல் எழுதுபவன்தான்.

"நீர்க்காகம்தானே? கெட்டிக்காரன்" என்றான் அவன், தட்டிலிருந்து நிமிராமல்.

அந்தப் பெயரை அவள் சொல்லியிருக்கவில்லை. வெளியிடும்வரை அது அவளுக்கும் அனுப்பியவருக்கும் மட்டுமே தெரியும். அவன் அனுப்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் எட்டிப்பார்த்திருக்க வேண்டும்.

அவள் கை கழுவிவிட்டு வந்து புதுப்பிப்பை வெளியிட்டாள். முதலில் தன் கணினியிலேயே நிறுவினாள். முடியும்வரை அவன் பின்னாலேயே நின்று பார்த்தான்.

"இனி நிம்மதி" என்றான்.

"யாருக்கு?" என்று கேட்டாள்.

அவன் இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.