கையெழுத்துக்குக் கீழே

அம்மாவைக் கைது செய்யப் போகிறார்களாம்.

மின்னஞ்சலில் அப்படித்தான் போட்டிருந்தது. உடனே வா என்று அம்மா போன் செய்ததும், என் மருந்துக்கடையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு அடித்துப் பிடித்து ஓடி வந்தேன். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

அனுப்பியது சர்வதேச இணையக் குற்ற ஒழிப்பு மாபெரும் ஆணையம். மூன்று முத்திரைகள், அதில் ஒன்று தலைகீழ். இவ்வளவு பெரிய ஆணையத்துக்கு ஓர் இலவச மின்னஞ்சல் முகவரிதான் கிடைத்திருக்கிறது.

அம்மா தடை செய்யப்பட்ட தளங்களில் இரவு பகலாக உலவினாளாம். ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்புவதைத் தவிர அவளுக்குப் போனில் வேறொன்றும் தெரியாது.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதில் எழுதாவிட்டால் கைது. இதை வெளியே சொன்னால் அதற்குத் தனியாக ஒரு கைது.

பாவம், நடுங்கிப் போயிருப்பாள் என்று நினைத்து, எல்லாம் பித்தலாட்டம், பயப்படாதே என்றேன். அழிக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் படிடா."

கடைசியில் ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே, தலைமை ஆணையர் என்று தபால்தலை அளவில் ஒரு படம். தொப்பி, தோளில் நட்சத்திரங்கள், பெரிய நாற்காலி.

நாற்காலியில் அப்பா.

அப்பா முப்பது வருடம் சினிமாவில் போலீஸ்காரர். கதாநாயகனுக்குப் பின்னால் லத்தியோடு நிற்கும் நாலு பேரில் ஒருவர். கான்ஸ்டபிளுக்கு மேல் உயரவில்லை. அதோ அப்பா என்று அம்மா காட்டுவதற்குள் கதாநாயகனின் தோள் மறைத்துவிடும்.

ஒரே ஒரு நாள், பெரிய நடிகர் வரத் தாமதமானதால், விளக்குகளைச் சரிபார்க்க அவருடைய உடுப்பை மாட்டி அவர் நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்தார்களாம். யாரோ படமும் எடுத்தார்களாம். சாகும்வரை அந்தப் படத்தைக் கேட்டு அலைந்தார். கிடைக்கவே இல்லை.

அப்பா கதை விடுகிறார் என்று நானும் தங்கையும் அவர் எதிரிலேயே சிரித்திருக்கிறோம். அம்மா மட்டும் ஒரு நாளும் சிரித்ததில்லை.

இப்போது சுவரில் மாட்டியிருப்பது, யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படத்திலிருந்து வெட்டியது. அப்பாவின் தோளில் இன்னும் யாருடையதோ முழங்கை இருக்கிறது.

திரையை விரலால் பெரிதாக்கினேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. மறுபடி சின்னதாக்கினால்தான் அப்பா தெரிந்தார். அவர் பொய் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் ஆள் இல்லை.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இவர்களுக்குப் பதில் எழுது என்றாள். என்னவென்று எழுத, என்று கேட்டேன்.

"எல்லாத் தப்பையும் நான்தான் செஞ்சேன்னு எழுது. அந்தப் படத்தை மட்டும் கொஞ்சம் பெரிசா அனுப்பச் சொல்லு."