வேலிக்கு அந்தப் பக்கம்

செடி வேலியின் சந்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் கால் வைத்ததுமே கோல்ஃப் கிளப் செயலாளர் மூக்கைச் சுளித்தார். “பாத்தீங்களா மேடம், புல்லுகூட சீக்கு வந்த மாதிரி இருக்கு.”

கோல்ஃப் சங்கத்திலிருந்து வந்திருந்த அம்மா முன்னால் நடந்தார். இந்த வருடப் போட்டி செயலாளரின் மைதானத்திலா, பக்கத்து மைதானத்திலா என்று முடிவு செய்யப்போவது அவர்தான். பக்கத்துக்குப் போய்விட்டால் உறுப்பினர்கள் தன் நாற்காலியைப் பிடுங்கிவிடுவார்களே என்று செயலாளருக்குப் பயம்.

பக்கத்து மைதானத்தின் குறைகளைக் காட்டிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பாடு. வழக்கமாகப் பதினெட்டுக் குழிகளில் ஒன்பதாவதோடு அவருக்கு முட்டி வலி வந்துவிடும். நேரே கேண்டீனில் உட்கார்ந்து மீதி ஆட்டத்தை வாயாலேயே ஆடி முடிப்பார். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

“இந்த மணல் பள்ளத்தைப் பாருங்க. பந்து விழறதுக்கா, ஆளைப் புதைக்கறதுக்கா?”

“ஆழம் கொஞ்சம் அதிகம்தான்.”

செயலாளருக்கு உற்சாகம் பிறந்தது. “குளத்தைக் கொண்டுபோய் குழிக்கு முன்னாடியே வெட்டி வெச்சிருக்கான். ஒழுங்கா அடிச்சவனும் தண்ணியில, கன்னாபின்னான்னு அடிச்சவனும் தண்ணியில. அப்புறம் நல்லா ஆடறவனுக்கு என்னதான் மரியாதை? எங்களதுல ஒழுங்கா அடிச்சா பந்து ஒழுங்கான இடத்துல போய் நிக்கும்.”

“ஆமா, முதல்ல பாத்த ஒன்பது குழியும் அப்படித்தான் இருந்துச்சு.”

களை பிடுங்கிக்கொண்டிருந்த தோட்டக்காரர் எழுந்து செயலாளருக்கு ஒரு கும்பிடு போட்டார். நம் பெருமை வேலி தாண்டியும் பரவியிருக்கிறதே என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அடுத்த குழியைச் சுற்றிப் புல்தரை ஒரேயடியாகச் சரிந்து கிடந்தது. பந்தை வைத்தால் தானே உருண்டு ஓடிவிடும். செயலாளர் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

“இதை வரைஞ்சவனைக்கூட விட்டுடலாம் மேடம். இதையும் பாத்துட்டு சரின்னு தலையாட்டினான் பாருங்க இவங்க செயலாளர், அவனைச் சொல்லணும். அவனெல்லாம் கிளப்பை நடத்தி விளங்குமா?”

அந்த அம்மா நின்றார். “நீங்க சொன்ன குறை அத்தனையும் நியாயம் சார். போட்டியைப் பக்கத்து மைதானத்துக்கே குடுத்துடறேன்.”

செயலாளர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். “இவ்வளவு சொல்லியும் இங்கயா வெக்கப்போறீங்க?”

“பக்கத்து மைதானத்தை நான் நேத்தே பாத்துட்டேன் சார். இது உங்க மைதானத்தோட மீதி ஒன்பது குழி.”